பால் பைத்தான் வளர்க்கலாமா? சட்டமும் பாம்பின் சுபாவமும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்கவே முடியாது. குட்டியானாலும், வயலில் கிடைத்ததானாலும், அடிபட்டுக் கிடந்ததை நீங்களே காப்பாற்றியிருந்தாலும் முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் அது. பிடித்து வைத்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வீட்டுப் பக்கம் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லிவிடுங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்களே, அந்தச் சின்ன மலைப்பாம்பு வேறு. பால் பைத்தான் (ball python, அதாவது பந்து மலைப்பாம்பு) என்று விற்கப்படும் அது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்தாலும் பெரும்பாலும் 3 முதல் 5 அடிதான். வன உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், 2022-இல் திருத்தப்பட்ட நம் சட்டத்தில் சைட்டிஸ் உயிரினங்களுக்கென உள்ள நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. அதாவது வைத்திருக்கத் தடை இல்லை. ஆனால் அரசிடம் பதிவு செய்தே ஆக வேண்டும்.

பதிவுக்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அது அந்த ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குபவர், பாம்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. விண்ணப்பத்தைப் பார்த்துப் பதிவு தருபவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர். அதோடு வேலை முடியாது. குட்டி பொரித்தால், பாம்பு இறந்தால், வேறொருவருக்குக் கொடுத்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே.

பலரும் சிக்குவது பாம்பு வந்த வழியில்தான். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் துணிப்பைக்குள் சுருட்டி வைத்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. அப்படிக் கடத்தி வந்ததைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, பதிவு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். விற்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றையும், பாம்பு எங்கே பிறந்தது அல்லது எப்படி இறக்குமதியானது என்பதற்கான ஆவணத்தையும் கேளுங்கள். “அப்புறம் அனுப்புகிறேன்” என்று சொன்னால் வாங்காமல் இருப்பதே நல்லது.

அதன் சுபாவத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பால் பைத்தானுக்கு விஷம் கிடையாது, கடிப்பதும் குறைவு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு இறுக்கமாக உருண்டையாகிவிடும். கையில் எடுத்ததும் அது அப்படிச் சுருண்டால், பாசத்தோடு அடங்கி இருக்கிறது என்று நினைத்து விருந்தாளிகளிடம் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். உண்மையில் அது நடுங்கிப்போயிருக்கிறது. உடனே பெட்டியில் விட்டுவிட வேண்டும். பயமில்லாத பாம்பு மெதுவாக நகரும், நாக்கை நீட்டி நீட்டிச் சுற்றிலும் மோப்பம் பிடிக்கும்.

பகலில் மறைவிடம் தேடும், இரவில்தான் நடமாடும். ஆகவே உடம்பு ஒட்டிப் படுக்கும் அளவுக்குக் குறுகலான மறைவிடம் குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று சூடான பக்கத்தில், 31-32 டிகிரி செல்சியஸில், இன்னொன்று குளிர்ந்த பக்கத்தில். இரை கொடுத்த பின் இரண்டு நாள் தொடவே கூடாது. சில மாதம் சாப்பிடாமலும் இருக்கும். எடை குறையாதவரை பதற வேண்டியதில்லை. உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள், எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். பாம்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வன மூலம் சால்மொனெல்லா கிருமி தொற்றும், சின்னக் குழந்தைகளுக்கு அது ஆபத்து.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 ஆண்டு வாழும். கல்லூரி மாணவர்கள் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வெளியூரில் வேலை கிடைத்ததும் தவிக்கிறார்கள். அந்த நிலை வந்தால் காட்டிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடாதீர்கள். அது பிழைப்பது கடினம், அதன் நோய் நம் ஊர்ப் பாம்புகளுக்குப் பரவவும் கூடும். பதிவு எண்ணோடு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய், வேறொருவருக்கு முறைப்படி மாற்றித் தருவது எப்படி என்று கேளுங்கள்.