மெட்டல் பாடி லேப்டாப்பும் குடியாத்தத்துக் காந்தமும்

குடியாத்தத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், போன ஜூன் மாதம் மகளை அழைத்துக்கொண்டு காட்பாடியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கல்லூரியில் சேரப்போகிற பெண். ஆன்லைனில் வாங்கிய புது லேப்டாப்பை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார்.

"மெட்டல் பாடின்னு போட்டு ஐயாயிரம் கூட வாங்கிட்டான் தம்பி. காந்தம் ஒட்டவே மாட்டேங்குது, நீயே பாரு."

கீபோர்டுக்குக் கீழே கை வைக்கிற இடத்தில் காந்தத்தை நகர்த்திக் காட்டினார். ஓரத்துக்குப் போனதும் திரை பொசுக்கென்று அணைந்தது. மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை. மூடியை மூடினால் லேப்டாப் தூங்க வேண்டும் என்பதற்காக மூடிக்குள் ஒரு சின்னக் காந்தமும், கீழே அதை உணர்கிற சென்சாரும் வைத்திருப்பார்கள். இவர் காந்தம் பக்கத்தில் வந்ததும் மூடியை மூடிவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. காந்தத்தை எடுத்ததும் திரை திரும்பி வந்தது.

காந்தம் ஒட்டாததற்கும் காரணம் உண்டு. லேப்டாப்பில் மெட்டல் என்றால் பெரும்பாலும் அலுமினியம், சிலவற்றில் மெக்னீசியக் கலவை. இரண்டிலுமே ஒட்டாது. "உங்க கடை 304 கிரேடு பாத்திரத்துலயே ஒட்டாதே அண்ணா" என்றேன். சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை. எங்கள் தொழிலில் பாடியை நான்காகப் பிரித்துச் சொல்வோம். மூடியின் வெளிப்பக்கம் ஏ பேனல், திரையைச் சுற்றி இருக்கும் சட்டம் பி, கீபோர்டு இருக்கும் பக்கம் சி, அடிப்பாகம் டி. விளம்பரத்தில் 'மெட்டல் பாடி' என்று இருந்தால் நான்கும் மெட்டல் என்று அர்த்தமில்லை. பல மாடல்களில் ஏ மட்டும்தான் அலுமினியம், மற்றதெல்லாம் வெள்ளி நிறம் அடித்த பிளாஸ்டிக். அவர் கொண்டுவந்ததில் ஏ-யும் சி-யும் அலுமினியம், பி-யும் டி-யும் பிளாஸ்டிக். பாதி நிம்மதியோடு உட்கார்ந்தார். வாங்கும்போதே "எந்தெந்தப் பேனல் மெட்டல்?" என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், காதுக்கே தெரியும்.

சரி, மெட்டல் உசத்தியா, பிளாஸ்டிக் மட்டமா? என் மேசைக்குப் பாடி உடைந்து வருகிற லேப்டாப்புகளில் கீழே விழுந்தவை குறைவு. அதிகம் வருவது ஹிஞ்ச் பிய்ந்தவை. ஹிஞ்ச் என்றால் மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கிற கீல். அது இரும்பு. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, பிளாஸ்டிக்கில் சூடாக்கிப் பதித்த கடுகளவு பித்தளை நட்டில் போய் மாட்டியிருக்கும். நாளாக ஆகக் கீலில் இருக்கும் கிரீஸ் காய்ந்து இறுகும். நீங்கள் மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது அந்தப் பலமெல்லாம் ஒரு பக்கத்துப் பித்தளை நட்டுமேல் இறங்கும். பிளாஸ்டிக் விரிசல் விட்டு நட்டு கையோடு வந்துவிடும். முதலில் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் திரைச் சட்டத்தின் மூலையில் நகம் நுழைகிற அளவு இடைவெளி. அந்த நிலையில் கொண்டுவந்தால் கீலின் இறுக்கத்தைத் தளர்த்தி, நட்டை அரால்டைட் வைத்துப் பதித்துக் கொடுத்துவிடலாம். மூன்று மாதம் செலோடேப் ஒட்டி ஓட்டிவிட்டுக் கொண்டுவருவார்கள். அதற்குள் கீல் பேனலைக் கிழித்து, திரைக்குப் போகிற கேபிளையும் வைஃபை ஆன்டெனா ஒயரையும் நசுக்கியிருக்கும்.

மெட்டல் பாடிக்கு இது வராது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். முழு அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்த பாடி என்றால் பெரும்பாலும் வராது, ஸ்க்ரூ நேராக மெட்டலிலேயே மாட்டியிருக்கும். ஆனால் நடுத்தர விலை மாடல்கள் சிலவற்றில் மூடி வெறும் மெல்லிய அலுமினியத் தகடுதான். அதற்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் சட்டத்தைப் பசையால் ஒட்டி, கீலை அந்தப் பிளாஸ்டிக்கில்தான் மாட்டியிருப்பார்கள். பசை விட்டால் தகடு தனியாக, திரை தனியாக. இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று செய்யலாம்: கடையில் லேப்டாப்பை மேசைமேல் வைத்து, மூடியின் நடுவில் ஒரே விரலால் தூக்குங்கள். அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினால் கீல் இறுக்கம். இறுக்கமான கீலும் மெல்லிய பாடியும் சேர்ந்தால் இரண்டு வருஷத்தில் எனக்கு வேலை வந்துவிடும்.

மாறாக, தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னமும் ஒன்றிரண்டு வருகின்றன. தடித்த பிளாஸ்டிக். பேட்டரி செத்திருக்கும், கீபோர்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும், பாடி மட்டும் அப்படியே இருக்கும்.

பேச்சு முடிந்து கிளம்பும்போதுதான் அந்தப் பெண் சொன்னாள்: "அண்ணா, சார்ஜ் போட்டுக்கிட்டு டைப் பண்ணா கையில சுர்ருனு இருக்கு." உண்மையில் அவர்கள் வந்ததில் முக்கியமான சங்கதி இதுதான். சார்ஜர் மூன்று பின். வீட்டில் எப்படி மாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பின்னாக மாற்றுகிற கன்வெர்ட்டரில். அதே மாதிரி ஒன்றை எடுத்து மாட்டி, சி பேனலின் ஓரத்தில் திறந்திருந்த மெட்டலில் லைன் டெஸ்டரை வைத்தேன், பல்பு மங்கலாக எரிந்தது. கன்வெர்ட்டரைக் கழற்றி எர்த் உள்ள சாக்கெட்டில் நேராக மாட்டினேன், அணைந்துவிட்டது.

சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சின்னக் கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியே மிகக் கொஞ்சம் கரண்ட் வெளியே கசியும். எர்த் இருந்தால் அங்கே இறங்கிவிடும். இல்லையென்றால் மெட்டல் பாடியில் காத்திருந்து, வெறுங்காலோடு தொடுகிறவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். கம்பெனி சார்ஜர் நல்ல நிலையில் இருந்தால் இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை, எரிச்சல்தான். ஆனால் முன்னூறு ரூபாய் போலிச் சார்ஜரில் உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அதோடு மெட்டல் பாடி சேர்வதை நான் பயத்தோடுதான் பார்க்கிறேன். பிளாஸ்டிக் பாடியிலும் அதே கசிவு உள்ளே இருக்கும், கைக்கு எட்டாது, அவ்வளவுதான். சாத்துவாச்சாரியில், கொசப்பேட்டையில் பழைய வீடுகளுக்குச் சர்வீஸுக்குப் போயிருக்கிறேன். சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுமினியம் பிளாஸ்டிக்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் மெட்டல் பாடி தொட்டால் சுடுகிறது. அது பழுதில்லை. பிராசஸரின் சூட்டைப் பெரும்பாலும் வெளியே தள்ளுவது உள்ளே இருக்கும் செம்புக் குழாயும் ஃபேனும்தான். அறைச் சூடு 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பல கம்பெனிகள் கையேட்டில் போட்டிருக்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் நம் வேலூர் 40-ஐத் தாண்டும். அந்த வெயிலில் மெத்தைமேல் வைத்துக் காற்று வழியை அடைத்தால் எந்தப் பாடியும் காப்பாற்றாது. டச்பேட் சரியாக அழுந்தவில்லை, அடிப்பாகம் மேசையில் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாமல் கொண்டுவாருங்கள்.

கூட்டமான பஸ்ஸில் பையோடு போய்வருகிறவர்களுக்கு மெட்டல் மூடி நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் மூடி அமுங்கித் திரையில் வெள்ளைப் புள்ளி விழுவது குறையும். கைதவறிப் போடுகிறவர்களுக்கு அதே மெட்டல் கெடுதல். பிளாஸ்டிக் வளைந்து நிமிர்ந்துவிடும், அலுமினியத்தின் மூலை நசுங்கினால் நசுங்கினதுதான், சில சமயம் திரைக் கண்ணாடியையும் உள்ளே தள்ளிவிடும்.

அந்த அண்ணன் வீட்டுக்குப் போய் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்துவிட்டதாக மறுவாரம் போன் செய்து சொன்னார். காந்தத்தை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். கீழே சிந்துகிற குட்டி ஸ்க்ரூக்களைப் பொறுக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.