இம்யூனோமாடுலேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

யானைக்கால் நோயைத் தரும் வுச்சரேரியா பான்கிராஃப்டி என்ற புழு மனிதரின் நிணநீர்க் குழாய்க்குள் 6 முதல் 8 ஆண்டுகள் வரை குடியிருக்கும். பெண்புழுவின் நீளம் 8 முதல் 10 சென்டிமீட்டர். கண்ணுக்கே தெரியாத வைரஸைத் தேடிப் பிடித்து ஒழிக்கும் உடல், இத்தனை பெரிய ஒன்றை, அதுவும் எதிர்ப்புச் செல்கள் ஓயாமல் போய்வரும் பாதையிலேயே, எப்படி விட்டுவைக்கிறது? புழு அங்கே சும்மா கிடப்பதில்லை. புரதங்களையும் சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய புரதங்களையும் சுரந்துகொண்டே இருக்கிறது. அவை உடலின் எதிர்ப்பு எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும் என்பதையே மாற்றிவிடுகின்றன. இதற்குத்தான் இம்யூனோமாடுலேஷன் என்று பெயர்.

சொல்லில் இரண்டு துண்டுகள், இரண்டும் லத்தீன். ‘இம்யூனிஸ்’ என்றால் ரோமானியர் காலத்தில் வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவர். நோயிலிருந்து விலக்கு என்ற பொருள் பின்னால் வந்தது. ‘மாடுலேஷன்’ என்பதற்கு வேர் ‘மோடுஸ்’, அதாவது அளவு. அதன் குறுவடிவம் ‘மோடுலுஸ்’, சிற்றளவு. ஆக, அளவுக்குள் கொண்டுவருவது.

தமிழில் இதை ‘நோயெதிர்ப்பு ஒடுக்கம்’ என்று எழுதுவதுண்டு. இது தவறு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குக் கொடுக்கும் மருந்து செய்வது ஒடுக்கம். அதற்கு ஆங்கிலத்தில் வேறு கலைச்சொல் இருக்கிறது, இம்யூனோசப்ரெஷன். புழுவுக்கு எதிர்ப்பை முழுசாக ஒடுக்குவதில் லாபமும் இல்லை. குடியிருக்கும் உடல் வேறு கிருமியால் செத்தால் புழுவும் கூடவே சாகும். இதைவிட வேடிக்கை ரத்தக்குழாயில் வாழும் சிஸ்டோசோமா தட்டைப்புழு. அது இடும் முட்டைகள் குடல்சுவரைத் துளைத்து மலத்தோடு வெளியேற வேண்டும். அப்படித் துளைத்துப் போக, முட்டையைச் சுற்றிக் கூடும் எதிர்ப்புச் செல்களின் அழற்சியே உதவுகிறது. எதிர்ப்பாற்றல் குறைந்த எலிகளில் வெளிவரும் முட்டைகளும் குறைந்துவிடுகின்றன. அதனால் முட்டையே ஒமேகா-1 என்ற புரதத்தைச் சுரந்து, தனக்குத் தோதான வகை எதிர்ப்பைத் தூண்டிவிடுகிறது. தூண்டுவதும் தணிப்பதும் சேர்ந்த வேலை இது.

‘பண்பேற்றம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது மின்னணுவியலில் பழகிப்போன சொல்; பண்பலை வானொலியில் இருப்பதும் அதே பண்புதான். அலைக்குப் பொருந்துகிறது, செல்லுக்கு ஒட்டவில்லை.

என் ஓட்டு ‘மட்டுறுத்தல்’ என்ற சொல்லுக்கு. மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டில்லா மகிழ்ச்சி, மட்டுமரியாதை என்று தினமும் புழங்குகிறோம். பிளஸ் டூ கணக்கில் கலப்பெண்ணின் ‘மாடுலஸ்’ என்பதையும் மட்டு என்றுதான் படித்தோம். (லத்தீன் மோடுஸுக்கும் நம் மட்டுக்கும் உறவு கண்டுபிடிக்கக் கிளம்ப வேண்டாம், பொருள் பொருந்துகிறது, அது போதும்.) இணையத் தமிழில் மட்டுறுத்துநர் (மாடரேட்டர்) என்பவர் யார் என்றும் தெரியும். அவர் பேச்சை நிறுத்துவதில்லை. சிலதை விடுவார், சிலதைத் தடுப்பார். புழு செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

எப்படி என்று ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். எலியின் சிறுகுடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்ட்ஸ் பாலிகைரஸ் என்ற உருண்டைப்புழு சுரக்கும் ஒரு புரதத்தை ஒட்டுண்ணி ஆய்வாளர் ரிக் மைசெல்ஸ் குழுவினர் 2017இல் விவரித்தார்கள். நம் உடலிலேயே டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் உண்டு. அது எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்லின் ஏற்பியில், அதாவது சமிக்ஞையை வாங்கும் புரதத்தில், போய் அமர்ந்தால், அந்தச் செல் சண்டைக்காரனாக ஆகாமல், மற்றவற்றை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்லாக மாறும். புழுவின் புரதம் அதே ஏற்பியில் அமர்ந்து அதே உத்தரவைக் கொடுக்கிறது. ஆனால் அமினோ அமில வரிசையில் இரண்டுக்கும் ஒற்றுமையே கிடையாது. புழு இதை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு புரதக் குடும்பத்திலிருந்து தானாகவே உருவாக்கிக்கொண்டது.

இன்னொன்று இஎஸ்-62. கொறிணிகளில் வாழும், யானைக்கால் புழுவுக்கு உறவான ஒரு ஃபைலேரியப் புழுவின் சுரப்பு. ‘இஎஸ்’ என்பது கழிவாகவோ சுரப்பாகவோ புழு வெளியே விடும் பொருள் என்பதன் சுருக்கம், 62 அதன் மூலக்கூறு எடை, கிலோடால்டன் என்ற அலகில். அதில் ஒட்டியிருக்கும் பாஸ்போரில்கோலின் என்ற சிறு மூலக்கூறுதான் காரியத்தைச் செய்கிறது. ஸ்காட்லாந்தில் இதை ஆராய்ந்த ஹார்னெட் தம்பதியர், எலிகளில் மூட்டழற்சியை இது தணிப்பதைக் காட்டினார்கள். மருந்தாக்குவதில் சிக்கல்: இவ்வளவு பெரிய அயல் புரதத்தை ஊசியில் போட்டால் உடல் அதையே எதிர்க்கும். அதனால் பாஸ்போரில்கோலினைப் பார்த்துச் செய்த சிறு மூலக்கூறுகள் இப்போது ஆய்வில் இருக்கின்றன.

நம் ஊர்ச் சங்கதியும் ஒன்று உண்டு. 2010இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், நீரிழிவு இல்லாதவர்களைவிட நீரிழிவு உள்ளவர்களிடம் யானைக்கால் புழுத் தொற்று குறைவாகவே காணப்பட்டது. புழுவின் மட்டுறுத்தல்தான் நீரிழிவைத் தடுத்ததா? தொடர்பு என்று சொல்லலாம், காரணம் என்று சொல்லிவிட முடியாது. மறுபக்கம், புழுத்தொற்று உள்ளவர்களிடம் சில தடுப்பூசிகள் சரியாக எடுபடுவதில்லை.

சரி, முன்னொட்டு? ‘நோயெதிர்ப்பு மட்டுறுத்தல்’ பொதுவாசகருக்குப் போதும். தமிழ்நாட்டுப் பாடநூல் நடையில் ‘தடைகாப்பு மட்டுறுத்தல்’, இலங்கையில் ‘நிர்ப்பீடன மட்டுறுத்தல்’. இந்த வேலையைச் செய்யும் மூலக்கூறு ‘மட்டுறுத்தி’. மாற்று உறுப்புக்காரர் விழுங்கும் மாத்திரை ‘ஒடுக்கி’.