அரசு மடிக்கணினியும் தனியுரிமையும்: முதலில் யாருடைய கணக்கு ஏறுகிறது?

அரசு கொடுக்கும் மடிக்கணினியின் கேமரா வழியாக யாராவது வீட்டுக்குள் பார்க்க முடியுமா? மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கல்லூரிக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதைக் கேட்கும்போது, படிக்காதவர்களின் பயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. அப்படி நடந்த ஊர் உண்டு. ஆனால் நம் பிள்ளைகளுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் அந்த வழியில் வருவதில்லை. பெட்டியைப் பிரித்து முதல்முறை இயக்கும்போது யாருடைய மின்னஞ்சல் முகவரி அதில் ஏற்றப்படுகிறது என்ற இடத்தில் தொடங்குகிறது. பலர் கவனிக்காமல் விடும் அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை அதிகம் பேசுகிறது.

முதலில் திட்டம். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. அன்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். இடையில் நின்றுபோன அந்த முயற்சி, கல்லூரி மாணவர்களுக்கான திட்டமாக மறுபடி வந்தது. 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்றும் அதற்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது என்றும் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரி 5 அன்று ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வழங்கலைத் தொடங்கிவைத்தார். முதல் கட்டத்துக்கு 10 லட்சம் கணினிகள். கலை அறிவியல், பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என எல்லா வகை அரசு நிறுவனங்களும் இதில் வருகின்றன. மதுரையில் என்றால் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி, ஒத்தக்கடை வேளாண் கல்லூரி போன்றவை. இறுதியாண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை.

கொள்முதல் செய்வது தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். டெல், ஏசர், எச்.பி. ஆகிய மூன்றில் எது உங்கள் கைக்கு வரும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்காக வருந்தவும் வேண்டாம். இன்டெல் ஐ3 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 3 புராசஸர், 8 ஜி.பி. ரேம் (நினைவகம்), 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சேமிப்பு வட்டு), விண்டோஸ் 11, கூடவே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் என்று தரப்படுவது, பட்டப்படிப்பு மாணவர் ஒருவரின் பெரும்பாலான வேலைகளுக்குப் போதுமானது.

இனி அந்தக் கேமராப் பயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம் தன் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்திருந்தது. தொலைந்தால் கண்டுபிடிப்பதற்கென்று அதில் ஒரு மென்பொருள் இருந்தது. அதை இயக்கினால் கேமரா மாணவரின் வீட்டிலேயே படம் எடுக்கும். 2010-இல் வழக்கு வந்தபோதுதான், படங்களும் திரைப் பதிவுகளுமாக 56,000-க்கு மேல் சேர்ந்திருந்தது வெளியே தெரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கைச் சமரசம் செய்துகொண்டார்கள்.

அங்கே கணினி பள்ளியின் சொத்து; மாணவர் அதை இரவல் வாங்கியவர். நிர்வாகச் சாவி முழுக்கப் பள்ளியிடம் இருந்தது. இங்கே மடிக்கணினி மாணவருக்கே கொடுக்கப்படுகிறது, படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆகவே கல்லூரிக்கோ வேறு எவருக்கோ அதன்மேல் தொடர்ந்து கட்டுப்பாடு வைத்துக்கொள்ளத் தேவை எதுவும் இல்லை. அப்படி ஏதேனும் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட்ஸ் என்பதைத் திறந்து, ‘அக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே ஒரு நிறுவனத்தின் கணக்கு இணைக்கப்பட்டிருந்தால், அந்த நிறுவனத்தால் கணினியின் சில அமைப்புகளைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க முடியும். குரோம், எட்ஜ் உலாவிகளின் பட்டியலில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி தென்பட்டாலும் இதே சந்தேகம்தான். காரணம் கேளுங்கள், நீக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெட்டியைப் பிரிக்கும் நாள்

கல்லூரியில் கணினியை வாங்கி வந்த மாணவிக்கு அதை இயக்கத் தெரியாது, அல்லது வீட்டில் இணையம் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு அருகே இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப்போகிறார். அல்லது தெரிந்த அண்ணன் ஒருவர் உதவுகிறார். விண்டோஸ் 11 தொடங்கும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். மாணவியிடம் மின்னஞ்சல் இல்லை, இருந்தால் கடவுச்சொல் நினைவில்லை. உதவுபவர் தன் மின்னஞ்சலையே போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனாலும் அந்தக் கணத்திலிருந்து அந்தக் கணினிக்கு இரண்டு உரிமையாளர்கள்.

எப்படி என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் இருக்கும் ஒன்டிரைவ் சேவை, டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகளை அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையச் சேமிப்பில் பிரதியெடுக்கக்கூடியது. தொடக்க அமைப்பின்போது ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனால் பல நேரங்களில் இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். மாணவி தன் கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றும் குடும்பப் படங்கள், சாதிச் சான்றிதழின் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அந்த அண்ணனின் கணக்கில் போய் விழும். எட்ஜ் உலாவியில் சேமிக்கும் கடவுச்சொற்களும் அப்படியே. ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ இயங்கிக்கொண்டிருந்தால் கணினி எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் அவரால் பார்க்க முடியும். கேமராவை ஒட்டி மறைக்கும் பெற்றோர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் கோப்புகள் இருக்கும் வட்டு முழுவதும், சாவியில்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்படுகிறது. திருடுபோனால் யாரும் படிக்க முடியாது என்பதால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண், முதலில் நுழைந்த கணக்கில் சேமிக்கப்படும். பழுதுபார்ப்பவர் மதர்போர்டை மாற்றினாலோ வேறு சில மாற்றங்கள் நடந்தாலோ கணினி அந்த எண்ணைக் கேட்கும். அது யாரோ ஒருவரின் மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. அவரோ திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றால், இறுதியாண்டுத் திட்ட அறிக்கை உட்பட உள்ளே இருக்கும் அத்தனையும் கைவிட்டுப் போகும். வீட்டுப் பத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் பதிந்துவிட்டுச் சாவியை மட்டும் கையில் வைத்திருப்பது போன்றது இது.

ஆகவே முதல் வேலை, மாணவியின் பெயரில், மாணவிக்கு மட்டுமே கடவுச்சொல் தெரிந்த மின்னஞ்சல் கணக்கு ஒன்று. அதன் ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண்ணும் அவருடையதாகவோ அம்மாவுடையதாகவோ இருக்கட்டும். வீட்டில் இணையம் இல்லையென்றால் அம்மாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே தொடக்க அமைப்புக்குப் போதும். பிறரிடம் உதவி கேட்பதில் தவறில்லை. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது மட்டும் விசைப்பலகை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் அமைத்துவிட்டீர்கள் என்றாலும் சரிசெய்யலாம். உங்கள் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, ‘ரீசெட் திஸ் பி.சி.’ என்பதில் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வைச் செய்து, உங்கள் கணக்கோடு புதிதாகத் தொடங்குங்கள். பழைய கணக்குக்காரரிடம் சொல்லி அவருடைய சாதனப் பட்டியலிலிருந்து உங்கள் கணினியை நீக்கச் சொல்லுங்கள். ஒன்டிரைவில் போய்ச் சேர்ந்தவற்றையும் அவர் உங்கள் கண் முன்னால் அழிப்பது நல்லது. மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி மதிப்பெண் சான்றிதழ்களோடு வையுங்கள்.

கேமராவுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். எந்தச் செயலி எப்போது கேமராவைப் பயன்படுத்தியது என்பதைச் செட்டிங்ஸில் உள்ள பிரைவசி பகுதியிலேயே பார்க்கலாம்.

இந்தத் திட்டத்தில் பெர்ப்ளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவையின் கட்டணச் சந்தாவும் ஆறு மாதத்துக்குக் கிடைக்கிறது. பாடத்துக்குப் பயன்படுத்துங்கள். ஆதார் நகலையோ மருத்துவ அறிக்கையையோ அதில் பதிவேற்றாதீர்கள். உங்கள் உரையாடல்களை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியை அதன் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன.

இச்சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் பத்தாம் வகுப்பு முடித்ததும் சேரும் 16, 17 வயதுப் பிள்ளைகளும் இதில் அடங்குவார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் 9-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் கல்விப் பணிக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் தேவையான அளவில் கண்காணிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு. அரசு உதவித் திட்டங்களுக்காகத் தகவலைக் கையாள்வதற்கும் சட்டம் தனி வழி விட்டிருக்கிறது. இந்த விலக்குகள் அகலமானவை என்பது என் கருத்து. அதனாலேயே கேள்வி கேட்கும் பெற்றோர் தேவை. 2022-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், நம் நாட்டின் தீக்ஷா செயலி குழந்தைகளின் இருப்பிடத் தகவலைச் சேகரித்ததாகக் குறிப்பிட்டது. அரசுச் செயலி என்பதால் மட்டும் கேள்வி இல்லாமல் விட்டுவிட முடியாது.

யாரேனும் ஒருவர் உங்கள் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தால் அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு இருக்கிறது. சம்மதமின்றி அந்தரங்கப் படம் எடுப்பதையோ பரப்புவதையோ 66இ (66E) பிரிவு தண்டிக்கிறது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்கீழ் பின்தொடர்தல் குற்றம். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். புகாருக்கு முன் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியோ நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகக் கணினியோ உங்களுடையது அல்ல. அங்கே பாடத்தைத் தேடுங்கள். சொந்த மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கையும் திறக்காமல் இருப்பது பாதுகாப்பு.

சொந்தமாக வாங்குவோர்

தனியார் கல்லூரியில் படித்து, கையிலிருந்து பணம் போட்டு வாங்குபவர்கள் 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. ஆகிய இரண்டையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், விண்டோஸ் இல்லாத கணினி விலை குறைவாகக் கிடைக்கும். கடைக்காரர் உரிமமில்லாத விண்டோஸை ஏற்றித் தர முன்வரலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைத் திறக்கப் பயன்படும் திருட்டு மென்பொருள்களோடு உளவு நிரல்களும் வருவதுண்டு. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழைய மடிக்கணினி வாங்குவதென்றால், நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்தவை நிறைய வருகின்றன. கடையிலேயே முழுமையாக ரீசெட் செய்து, இணையத்தோடு இணைத்துத் தொடக்க அமைப்பைப் பாருங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து அதன் கணக்கைக் கேட்டால், அந்தக் கணினி இன்னும் அவர்கள் நிர்வாகத்தில்தான் இருக்கிறது, வாங்காதீர்கள். 2011 முதல் வழங்கப்பட்ட பழைய அரசு மடிக்கணினி வீட்டில் கிடந்தால், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால் தம்பி தங்கைகளுக்கு உதவும். விற்பதாக இருந்தால் வட்டை முழுமையாக அழித்த பிறகே கைமாற்றுங்கள்.

அரசு மடிக்கணினி பெற்றவர்கள் கல்லூரியிடம் கேட்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பெற்றோர் ஒருவரே விண்ணப்பிக்கலாம். வழங்கிய கணினியில் முன்கூட்டியே ஏற்றப்பட்ட மென்பொருள்கள் எவை, தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி ஏதும் இருக்கிறதா, வழங்கும்போது வாங்கிய ஆதார் எண், கைப்பேசி எண், கணினியின் வரிசை எண் ஆகியவை எங்கே சேமிக்கப்படுகின்றன, எந்தத் தனியார் நிறுவனத்தோடு பகிரப்படுகின்றன என்று தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் போதாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.