ரேடாரை மாற்றினால் விமானம் இளமையாகிவிடாது

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றது. அதன்பின் இந்திய விமானப்படையிடம் மிஞ்சியவை 29 போர் விமான ஸ்குவாட்ரன்கள், அதாவது படைப்பிரிவுகள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. புது விமானங்கள் வந்து சேரும்வரை ஜாகுவாரையும் சுகோய்-30-ஐயும் தாக்குப்பிடிக்க வைத்தாக வேண்டும். மேம்படுத்தும் திட்டம் என்று செய்தி வந்தாலே, எந்த ரேடார், எந்த ஏவுகணை என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஹேங்கரில் முதலில் எழும் கேள்விகள் வேறு. உடல் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும்? எஞ்சின் இருக்கிறதா?

போர் விமானத்தின் வயதைப் பிறந்த ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. பறந்த மணி, தரையிறங்கிய தடவைகள், திருப்பங்களில் இறக்கை தாங்கிய ஜி-விசை (புவியீர்ப்பின் மடங்குகளில் அளக்கும் விசை) எல்லாம் சேர்ந்ததுதான் அதன் வயது. ஒரே அளவு மணி நேரம் பறந்த இரண்டில், தாழப் பறந்து காற்றின் உலுக்கலை வாங்கியது முன்னதாகக் களைத்துப்போகும். விரிசல் பெரும்பாலும் போல்ட் துளைகளின் விளிம்பில் தொடங்கும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இது ஆபத்தானது, வெறும் கண்ணுக்கும் தெரியாது. இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசையைச் சுரண்டி, போல்ட்டைக் கழற்றி, சுழல் மின்னோட்டத்தால் விரிசலைக் கண்டுபிடிக்கும் எடி கரண்ட் புரோபைத் துளைக்குள் சுழற்றிப் பார்க்க வேண்டும். விரிசல் சிறியதென்றால் துளையை அகலப்படுத்தும் கருவியான ரீமரால் கடைந்து ஓர் அளவு பெரிய போல்ட் போடலாம். ஏற்கெனவே ஓரிரு முறை கடைந்து, துளைக்கும் பாகத்தின் ஓரத்துக்கும் நடுவே உலோகம் குறைந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். பிறகு பாகத்தையே மாற்ற வேண்டும். பல விமானங்களின் மேம்பாட்டுக் கெடு தவறுவது இந்த இடத்தில்தான். பிரித்துப் பார்க்காமல் வேலையின் அளவு யாருக்கும் தெரியாது.

அடுத்து வயரிங். பழைய வயரின் மேலுறை காய்ந்து மொறுமொறுத்திருக்கும். புது மின்னணுப் பெட்டியைப் பொருத்த வயர்க் கட்டைப் பிரித்து வளைத்தால், அதுவரை நன்றாக இருந்த வேறோர் இணைப்பில் உறை வெடிக்கும். தரையில் சோதித்தால் எல்லாம் சரியாகக் காட்டும். வானில் அதிர்வு வந்ததும் கோளாறு தலைகாட்டும். திறந்த பகுதியில் ஹார்னஸ் எனும் வயர்க் கட்டு முழுவதையும் மாற்றிவிடுவதுதான் கடைசியில் மலிவு.

ரேடாரும் தனியாக வருவதில்லை. அலைக்கற்றையை மின்னணு முறையில் திருப்பும் ஏசா ரேடாருக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், வெப்பமும் அதிகம். ஜெனரேட்டர் தாங்குமா, குளிரூட்டும் திரவத்துக்குக் குழாயும் பம்பும் எங்கே போகும் என்று முதலில் பார்க்க வேண்டும். மூக்கில் எடை மாறினால் ஈர்ப்பு மையம் நகரும். அதைச் சரிக்கட்டி மறுபடி பறப்புச் சோதனை செய்ய வேண்டும்.

ஜாகுவாரின் கதை நல்ல பாடம். டாரின்-3 என்ற மின்னணுக் கருவிகளின் மேம்பாட்டில் அதற்கு இஸ்ரேலின் இஎல்எம்-2052 ஏசா ரேடார் கிடைத்தது. எஞ்சின் மட்டும் பழைய அடோர்-811. நம் வெயிலில் முழுச் சுமையோடு கிளம்பும்போது அதன் உந்துவிசை போதாது. எடை குறைந்த, உந்துவிசை கூடிய ஹனிவெல் எஃப்-125 எஞ்சினைப் பொருத்தும் திட்டம், விலை ஏறியதால் 2019-ல் கைவிடப்பட்டது. கண் கூர்மையானது, கால் வலுக்கவில்லை. இன்று ஜாகுவாரை ஓட்டும் நாடு இந்தியா ஒன்றுதான். பிற நாடுகள் கழித்துவிட்ட விமானங்களைப் பிரித்துத்தான் பல உதிரிகளைத் தேட வேண்டியிருக்கிறது.

சுகோய்-30-க்கு எஞ்சினை முன்னதாக யோசித்தது சரியான முடிவு. 2024 செப்டம்பரில் 26,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள 240 ஏஎல்-31எஃப்பி எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. ஒடிசாவின் கோராபுட்டில் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் தயாரிக்கிறது. உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் எம்கே-1ஏ-வில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2021-ல் 83 விமானங்களுக்கும் 99 எஃப்-404 எஞ்சின்களுக்கும் ஆர்டர் போயும், முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. விமானத்தின் உடலைச் செய்து முடித்தும் எஞ்சினுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சூலூரில் நிற்கும் தேஜஸ்களுக்கும் ஒருநாள் இதே வேலை வரும். மின்னணுச் சிப்களின் உற்பத்தி, விமானம் ஓய்வுபெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றுவிடும். தயாரிப்பாளர் நிறுத்தப்போவதாக அறிவிக்கும்போதே மீதி ஆயுளுக்குத் தேவையானதைக் கணக்கிட்டு வாங்கி, ஈரப்பதம் புகாத உறையில் இருப்பு வைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதற்கான தரவு, பழுதாகிக் கழற்றப்படும் ஒவ்வொரு பெட்டியின் வரிசை எண்ணையும் பழுதின் காரணத்தையும் இன்றே ஒழுங்காகப் பதிந்துவைத்தால்தான் இருக்கும்.