குடித்திருக்கிறார் என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லுங்கள்

சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்காக 995 என்ற எண்ணை அழைக்கும் நம்மவர் குடும்பங்கள் பலவும் வீட்டில் நடப்பதில் பாதியை மட்டுமே சொல்கின்றன. "அப்பா மயங்கி விழுந்துட்டாரு" என்பார்கள். அவர் மாலையிலிருந்து குடித்துக்கொண்டிருந்ததையும், தூக்கிவிட வந்த மகனை அறைந்ததையும் சொல்லமாட்டார்கள். அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும், காவல்துறை வந்துவிடும், மானம் போய்விடும் என்ற அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸில் துணை மருத்துவராகப் பணியாற்றுபவன் என்ற முறையில், மறைக்கப்படும் அந்தப் பாதிதான் உதவிக்கு வருகிறவர்களையும் நோயாளியையும் ஒருசேர ஆபத்தில் தள்ளுகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆம்புலன்ஸில் பொதுவாக வருவது மூவர்: துணை மருத்துவர், அவசர மருத்துவ உதவியாளர், ஓட்டுநர். எங்களிடம் மருந்துப் பையும் ஆக்சிஜன் உருளையும் உண்டு. விலங்கோ தடியோ கிடையாது. வீட்டில் ஒருவர் கை நீட்டுகிறார், பொருள்களை எறிகிறார் என்று முன்பே தெரிந்தால் காவல்துறையின் உதவியைக் கேட்டுப் பெறலாம். தெரியாவிட்டால், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் கதவு திறந்த பிறகுதான் நிலைமை விளங்கும். அப்போது கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் வைப்பதுதான் என் முதல் வேலை; வெறியில் இருப்பவர் பிடித்து இழுப்பதற்கு அதைவிட வசதியான பொருள் இல்லை. எங்களில் ஒருவர் வாசலை விட்டு நகரமாட்டார். சமையலறையில் கத்தி இருக்கும் என்பதால் நோயாளி அந்தப் பக்கம் திரும்பாதபடி பார்த்துக்கொள்வோம். பேசுவது ஒருவர் மட்டுமே, ஏனெனில் மூவரும் சேர்ந்து அதட்டினால் போதையில் இருப்பவருக்கு அது சண்டைக்கு இழுப்பதாகவே தோன்றும். "அண்ணே, கையை மட்டும் காட்டுங்க, பிரஷர் பாத்துக்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் தமிழில் கேட்டதும் ஓங்கிய கை தணிந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி நோயாளியின் பக்கத்தைப் பார்ப்போம். மதுவாடை வீசுகிறது என்பதற்காக நடப்பவை எல்லாவற்றுக்கும் மதுவே காரணம் என்று முடிவு கட்டுவதைப் போன்ற ஆபத்து எங்கள் தொழிலில் வேறில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு பியர் குடித்திருந்தார். நாங்கள் போனபோது தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நா குழறியது, கண் நிலைகொள்ளவில்லை. பார்த்தவர் எல்லாரும் போதை என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் அவருடைய பனியன் பிழியலாம் போல வியர்வையில் நனைந்திருந்தது, தொட்டால் உடம்பு சில்லிட்டிருந்தது. இருவர் கையைப் பிடித்துக்கொள்ள, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை லிட்டருக்கு 1.9 மில்லிமோல்; 4க்குக் கீழே போனாலே குறைவு. வெறும் வயிற்றில் மது இறங்கும்போது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவது தடைபடுகிறது. அதோடு இன்சுலினும் சேர்ந்தால் மூளைக்கு எரிபொருள் அற்றுப்போகிறது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் அவர் தம்பியைப் பார்த்து, "ஏன்டா அழுவுற?" என்று கேட்டார். அவர் யாரையும் அடிக்க நினைத்தவர் அல்லர்.

தலையில் அடிபட்டவர்களும் இப்படித்தான் கத்துவார்கள், திமிறுவார்கள். நெடுங்காலம் குடித்தவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் அதன் மேற்பரப்பு இரத்தக் குழாய்கள் எளிதில் அறுந்து, கசிவு மெல்ல மெல்லச் சேரும். "தூங்கட்டும், காலையில தெளிஞ்சிடும்" என்று போர்த்திவிட்டுப் போன குடும்பம் காலையில் எழுப்ப முடியாத ஒருவரைக் காண நேரலாம். படிக்கட்டில் விழுந்தாரா, எங்காவது இடித்துக்கொண்டாரா, இரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நாங்கள் வரும்வரை அவரை அடக்க வேண்டும் என்று நினைத்துக் குப்புறத் தள்ளி முதுகில் உட்காராதீர்கள். அந்த நிலையில் மூச்சு தடைபட்டு உயிரே போகலாம். அடங்கிவிட்டார் என்று நீங்கள் நினைக்கும் நொடி மூச்சு நின்ற நொடியாக இருக்கலாம். விலகி நில்லுங்கள், குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள், தேவையானால் வீட்டை விட்டு வெளியேறி காவல்துறையை 999இல் அழையுங்கள். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டிருங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி எதுவும் போதையை இறக்காது. வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொது ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கக் காயப்படுத்துபவருக்குத் தண்டனைச் சட்டத்தின் 332ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி ஆகியவை விதிக்கப்படலாம். வசைபாடுவதும் மிரட்டுவதும் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்தில் ஆம்புலன்ஸ் எரிந்ததை இத்தொழிலில் உள்ள எவரும் மறக்கவில்லை. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணிக்குப் பின் பொது இடங்களில் குடிக்கத் தடை இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்கு அத்தகைய வேலி இல்லை, அதனால்தான் குடும்பத்தாரிடம் பேசுகிறேன்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் இது அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. தினமும் குடிப்பவர் ஒருவர் விரதத்துக்காகவோ மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காகவோ திடீரென்று அடியோடு நிறுத்துகிறார். முதல் நாள் கை நடுங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகச் சொல்லி, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அடிக்கவும் தொடங்கலாம். "அவர் மூணு நாளா தொடவே இல்லையே" என்று குடும்பம் சத்தியம் செய்யும். காற்றுக் கருப்பு என்று தாயத்துக்கு ஓடுவோரும் உண்டு. உண்மையில் இது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம், சிகிச்சையும் உண்டு. ஆகவே 995இல் பேசும்போது எவ்வளவு குடித்தார் என்பதோடு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறுத்த நினைப்பவர் தானாக முயலாமல் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். மனநலக் கழகத்தில் இயங்கும் தேசிய அடிமைப்பழக்க நிர்வாகச் சேவையின் 6732 6837 என்ற எண்ணில் குடும்பத்தாரும் பேசி ஆலோசனை கேட்கலாம்.