பிளானர்: நாள் குறிக்கும் ஏடு

டிசம்பர் கடைசி வாரம். அக்கா மகளோடு ஸ்டேஷனரி கடைக்குப் போயிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அண்ணே, பிளானர் இருக்கா?" என்று கேட்டாள். "டைரிதானேம்மா?" என்று ரெக்சின் அட்டை போட்ட ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். "டைரி இல்லண்ணே, பிளானர்." "ரெண்டும் ஒண்ணுதாம்மா. தேதி போட்டிருக்கும், எழுதிக்க வேண்டியதுதான்."

திரும்பி வரும்போது கேட்டாள்: "சித்தி, டைரிக்கு நாட்குறிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு. பிளானருக்குத் தமிழ்ல என்ன?" அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் டைரி. லத்தீனில் 'டியேஸ்' என்றால் நாள். அதிலிருந்து பிறந்தது 'டியாரியும்'. ஆரம்பத்தில் இந்தச் சொல்லுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் சாப்பாட்டுக்கும் கூலிக்கும்தான் டியாரியும் என்று பெயர். அன்றன்று எழுதி வைக்கும் குறிப்பு என்ற பொருள் பிற்பாடு வந்தது. ஆங்கிலத்துக்குள் 'டைரி' நுழைந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

இதைப் படித்ததும் எனக்கு 'படி' என்ற நம் சொல் நினைவுக்கு வந்தது. படி என்றால் அளவு. அளந்து கொடுக்கும் அன்றாடச் செலவும் படிதான். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் கோயிலில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது படிக்காசு. அரசு ஊழியர்கள் இன்றைக்கும் பஞ்சப்படி, பயணப்படி வாங்குகிறார்கள். அதே படி, தமிழின் மிகப் பெரிய நாட்குறிப்பின் பெயரிலும் உட்கார்ந்திருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியது 'தினப்படி சேதிக் குறிப்பு'. அங்கே தினப்படி என்றால் அன்றாடம் என்றுதான் பொருள். ஆனாலும் அளந்து போட்ட சோறும் அன்றன்று எழுதிய சேதியும் லத்தீனிலும் தமிழிலும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது. ஒரு நாளை ஒரு அளவாகப் பார்க்கும் பழக்கம் இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கி 1761இல் இறக்கும்வரை எழுதினார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி போட்டு, எந்தக் கப்பல் வந்தது, துரை என்ன சொன்னார், யாருக்கு யார் மேல் கோபம், சரக்கு என்ன விலை என்று எல்லாம் இருக்கும். அவருக்குப் பிறகு அந்த ஊரிலேயே இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதினார். இவர்களெல்லாம் நடந்து முடிந்ததை எழுதியவர்கள். ஏடு வெறுமையாக இருந்தது. நாள் போன பிறகு பக்கம் நிரம்பியது.

பிளானர் இதற்கு நேர் எதிர். நாள் வருவதற்கு முன்பே பக்கம் வந்துவிடுகிறது. இந்த மாற்றம் டைரி என்ற பெயரிலேயேதான் நடந்தது. லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் பகுதியில் ஸ்டேஷனரி கடை வைத்திருந்த ஜான் லெட்ஸ், 1812இல் வரப்போகும் ஆண்டின் தேதிகளை அச்சடித்த டைரியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வியாபாரிகள் கப்பல் வரவையும் பணம் வசூலாக வேண்டிய நாளையும் அதில் முன்கூட்டியே எழுதி வைக்க முடிந்தது. அன்றிலிருந்து டைரி என்ற ஒரே சொல் பின்னாலும் பார்க்கிறது, முன்னாலும் பார்க்கிறது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றது தப்பில்லை, சரிதான்.

பிளானர் என்ற பெயர் வேறு திசையிலிருந்து வருகிறது. லத்தீனில் 'பிளானுஸ்' என்றால் தட்டையானது, மேடு பள்ளம் இல்லாதது. பிரெஞ்சில் அது கட்டடத்தின் தரைப்படமாகி, 17ஆம் நூற்றாண்டில் 'பிளான்' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. நம் மேஸ்திரி "பிளான் பாஸ் ஆயிடுச்சா?" என்று கேட்கிறாரே, அந்தப் பொருள்தான் மூத்தது. செய்யப்போவதை மனத்தில் வகுத்துக்கொள்வது என்ற பொருள் அப்புறம் வந்தது. அப்படி வகுப்பவர் பிளானர். கடைசியில் வகுத்து எழுதும் புத்தகமும் பிளானர்.

அப்படியானால் தமிழில் 'திட்ட ஏடு' என்று வைத்துவிடலாமே? எனக்கு மனம் ஒப்பவில்லை. திட்டம் நல்ல சொல். "உப்பு திட்டமா இருக்கு" என்று அம்மா சொல்லும்போது கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்ற அளவு அதில் இருக்கிறது. ஆனால் 1951இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல்லுக்கு அரசு அலுவலக வாசனை ஏறிவிட்டது. அணை, சாலை, நிதி ஒதுக்கீடு என்று கண்முன் வருகிறது. பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய வியாழக்கிழமைக்குத் திட்டம் என்பது ரொம்பப் பெரிய சட்டை.

நாம் ஏற்கெனவே என்ன சொல்கிறோம் என்று காது கொடுத்துக் கேட்டால் பதில் அங்கேயே இருக்கிறது. "கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சா?" இதைக் கேட்காத தமிழ் வீடு உண்டா? நாள் குறிப்பது என்றால் வரப்போகும் நாளைத் தேர்ந்து உறுதி செய்வது. அதே குறிப்பதுதான் "சொல்றதைக் குறிச்சுக்கோ" என்னும்போது நடந்ததையும் கேட்டதையும் எழுதி வைப்பது. குறி பார்த்து அடிக்கிறோம், குறி சொல்கிறார்கள், குறிக்கோள் வைக்கிறோம். இந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டு கண்.

பழைய தமிழில் இன்னும் அழகான ஒரு பொருள் உண்டு. அகப்பொருள் இலக்கணத்தில் தலைவனும் தலைவியும் சந்திப்பதற்குப் பேசி வைத்த இடம் குறி. பகலில் சந்தித்தால் பகற்குறி, இரவில் சந்தித்தால் இரவுக்குறி. தலைவன் தான் வந்ததைக் காட்ட ஓர் ஓசை எழுப்புவான். அதே மாதிரி ஓசை வேறு ஏதோ ஒன்றால் எழ, தலைவி அதை நம்பிப் போய்ப் பார்த்து ஏமாந்து திரும்புவாள். அதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். தவறிப்போன சந்திப்புக்கு ஒரு கலைச்சொல்லே வைத்திருந்த மொழி இது. 'அப்பாயின்ட்மென்ட்' என்பதற்குத் தமிழ் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

'நாள்' என்பதற்கும் இந்த முன்னோக்கும் குணம் உண்டு. நாளிலிருந்துதான் நாளை. கன்னடத்தில் 'நாளெ' என்றாலே மறுநாள். பழந்தமிழில் நாள் என்பது நட்சத்திரத்தையும் குறிக்கும். எழுத்தே இல்லாமல் நாள் குறித்தவர்களையும் வள்ளுவர் காட்டுகிறார். தலைவன் பிரிந்து போன நாட்களைத் தலைவி சுவரில் கோடு போட்டு, தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். 'நாளொற்றித் தேய்ந்த விரல்' என்கிறது 1261ஆம் குறள்.

நாளும் குறிப்பும் சேர்ந்தால் ள், ட் ஆகி நாட்குறிப்பு. எழுதப்பட்ட செய்திக்கு இது பொருத்தம். புத்தகத்துக்கு நாட்குறிப்பேடு என்கிறோம். பிளானருக்கும் அதையே சொல்லலாம், பிழையில்லை. பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் நான் 'நாட்குறியேடு' என்பேன். அகராதியில் தேட வேண்டாம். இது நான் கட்டிப் பார்த்த சொல். குறிப்பேடு என்றால் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஜர்னல் நினைவுக்கு வரும். குறியேட்டில் அந்தக் குழப்பம் இல்லை, நாள் குறிக்கும் வேலையும் பெயரிலேயே தெரிகிறது. நாளேடு என்ற நல்ல சொல்லைச் செய்தித்தாள் எடுத்துக்கொண்டுவிட்டது.

சரி, வாங்கும்போது. வாரத்துக்கு ஏழெட்டு வேலை மட்டும் உள்ளவருக்கு ஒரு வாரம் விரிந்து தெரியும் ஏடு போதும். நாளுக்கொரு பக்கம் வாங்கினால் பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே பிப்ரவரியில் எழுதுவது நின்றுவிடும். அப்படி நிற்கும் பழக்கம் உள்ளவர் தேதி போடாத ஏடு வாங்குவது நல்லது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மையூற்றுப் பேனாவில் எழுதுகிறவர் தாளின் ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அந்தக் கணக்கு. 70இல் மை மறுபக்கம் தெரியலாம், 100 பெரும்பாலும் தாங்கும். தாளின் பதத்தையும் பொறுத்தது என்பதால், கடையிலேயே ஒரு மூலையில் கிறுக்கிப் பார்க்க விடுவார்களா என்று கேட்பேன். தையல் போட்ட ஏடு மேசையில் படிந்து விரியும். பைக்குள் போக ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர், ஏ4 தாளில் பாதி.

வாங்கியதைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்வதற்குத் 'தனிப்பயனாக்கம்' என்று கணினிக்காரர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அது வாயில் நுழையவில்லை. கைக்குப் பழக்குவது என்றால் போதுமே. புதுப் பேனாவுக்கும் அரிவாள்மனைக்கும் அப்படித்தானே சொல்கிறோம். கடைகளில் புதுக்கணக்கு போடும்போது நோட்டின் மூலைகளில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எழுதுவார்கள். அச்சில் வந்த ஆயிரம் நோட்டில் ஒன்று, அந்த மஞ்சளோடு அந்தக் கடையுடையதாகிறது.

எங்கள் வீட்டில் அந்த வேலை நாட்காட்டியில் நடந்தது. அம்மா மாதக் காலண்டரின் கட்டங்களில் பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி போடுவாள், சிலிண்டர் வந்த நாளில் 'காஸ்' என்று எழுதுவாள். புது வருஷக் காலண்டர் மாட்டும் முன், பழையதில் கடைசி 'காஸ்' எந்தத் தேதி என்று பார்த்துப் புதியதின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்வாள். ஜனவரி ஒன்றாம் தேதி காலி ஏட்டின் முன் உட்கார்ந்து என்ன எழுதுவது என்று திகைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: பழைய ஏட்டிலிருந்து நான்கு தேதியைக் கொண்டுவந்து எழுதுங்கள். அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, திதியையும் பிறந்த நட்சத்திரத்தையும் தேடிக் குறியுங்கள். அவை வருஷாவருஷம் ஆங்கிலத் தேதியில் இடம் மாறும். எந்த அச்சகமும் உங்கள் வீட்டுக்காக அவற்றைப் போட்டுத் தராது.

அக்கா மகள் அப்படித்தான் தொடங்கினாள். முதல் பக்கத்தில் சின்னதாக ஒரு சுழி, அதன் கீழே 'நாட்குறியேடு', அதன் கீழே அவள் பெயர். பிறகு பஞ்சாங்கத்தில் பங்குனி மாதத்தை விரித்து, அம்மாச்சியின் நட்சத்திரமான ரோகிணி எந்தக் கிழமை வருகிறது என்று விரல் வைத்துத் தேடினாள். ஒரே மாதத்தில் இரண்டு தடவை ரோகிணி வந்தால் எதை எடுப்பது என்று அம்மாச்சிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தாள்.