வீட்டுக்குள் குழந்தைக்கு ஆபத்து: 1098-ஐ அழைத்தால் என்ன நடக்கும்?

பக்கத்து வீட்டுக் குழந்தை அடிபடுவது தெரிந்தும் பலர் வாய் திறப்பதில்லை. 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்ற தயக்கம் ஒன்று. 'சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஹோமில் சேர்த்துவிடுவார்கள்' என்ற பயம் இன்னொன்று. இந்தியச் சட்டம் இந்த இரண்டுக்கும் இடம் தரவில்லை.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். உடன் வசிப்பவர் காயப்படுத்தினாலோ, கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, அந்தக் குழந்தை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' ஆகிவிடுகிறது. அந்த நபர் பெற்ற தாய் தகப்பனாக இருந்தாலும் இதுவே சட்டம். கொன்றுவிடுவேன் என்று மிரட்டி, அப்படிச் செய்யவும் கூடும் என்ற நிலை இருந்தாலே போதும்.

தண்டனை பற்றிச் சொல்வது இதே சட்டத்தின் பிரிவு 75. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ தரும்படி தாக்கினால் அல்லது வேண்டுமென்றே புறக்கணித்தால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வீட்டில் அடிப்பதை முழுதாகத் தடுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதற்காகச் சூடு வைப்பதும் பட்டினி போடுவதும் 'கண்டிப்பு' ஆகிவிடாது.

1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் இயங்குவது. குழந்தையே அழைக்கலாம். அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். முகவரி அல்லது அருகிலுள்ள அடையாளம், குழந்தையின் உத்தேச வயது, கண்டது அல்லது கேட்டது என்ன, எப்போது, துன்புறுத்துபவர் இப்போதும் அதே வீட்டில் இருக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். ஆதாரம் திரட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், விசாரிப்பது அதிகாரிகள் வேலை. பலர் செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே பிரிவு 74-இன் கீழ் குற்றம், அந்தப் பிள்ளைக்கும் அது ஆறாத காயம்.

குழந்தையை வீட்டிலிருந்து மீட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட இந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. குழு கூடாத நாளானால் ஓர் உறுப்பினர் முன் கொண்டுவந்தால் போதும். பிறகு குழந்தையின் குடும்பச் சூழலை ஆராயும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், இறுதி உத்தரவுக்கு 4 மாதம் எனச் சட்டம் கெடு வைக்கிறது.

அந்த உத்தரவு 'ஹோம்' என்றுதான் வர வேண்டும் என்பதில்லை. கண்காணிப்போடு பெற்றோரிடமே திருப்பி அனுப்பலாம், தகுதியான ஒருவரிடமோ, வேறொரு குடும்பம் தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பிலோ விடலாம். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. கணவனை இழந்த தாய், கடும் நோயில் விழுந்த பெற்றோர் போன்றோர் வறுமையால் பிள்ளையைக் கவனிக்க முடியாவிட்டால், மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

பாலியல் கொடுமை என்றால் விதிகள் இன்னும் கடுமையானவை. போக்சோ சட்டம் 2012-இன்படி, நடந்ததை அறிந்தவர் எவரானாலும் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. மானம் போகும் என்று மறைக்கும் உறவினர்களுக்கும் இது பொருந்தும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கு வராது.

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன. பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். ஆளாளுக்குக் குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதில் பிள்ளை குழம்பிப்போகிறது. குளிப்பாட்டி, உடையைத் துவைத்துவிடுகிறார்கள், தடயம் போய்விடுகிறது. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதிவையுங்கள், உடையைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிகிச்சை தர எஃப்.ஐ.ஆர். கேட்க மருத்துவருக்கு உரிமை இல்லை.

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரிதான் பதிய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. சந்தேகத்துக்குரியவர் அதே வீட்டில் வசிப்பவர் என்றால், குழந்தையை அங்கிருந்து மாற்ற வேண்டுமா என்று நலக் குழு 3 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். அப்போது குழந்தையின் விருப்பத்தையும், தாய் போன்ற நம்பகமான பெரியவர் ஒருவர் பாதுகாப்புத் தர முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் குழுவின் முன் தயங்காமல் சொல்லட்டும்.

குழுவின் உத்தரவில் உடன்பாடு இல்லையா? நகல் வாங்கி, 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய முடிவானால் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உரிமையாகவே உண்டு, அதற்கு வருமானச் சான்று தேவையில்லை.